எட்டாவது எம்.எஸ். டீம் ப்ளூரே: சேறு தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்தது

ராட்சத ரோபோ என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களிடமும் இந்த ஒரு செட்டை மட்டும் தைரியமாக நீட்டுவேன், அதுவும் வயலில் வண்டி இறக்கிப் பழகியவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். 'மொபைல் சூட் கன்டம்: எட்டாவது எம்.எஸ். டீம்' என்ற ஜப்பானிய அனிமே, மொத்தம் 12 அத்தியாயங்கள். மொபைல் சூட், சுருக்கமாக எம்.எஸ்., என்றால் ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற ராட்சத ரோபோ, கன்டம் அதில் ஒரு வகை. 1996-இல் ஆரம்பித்து 1999 வரை இழுத்து இழுத்து வந்த தொடர், டிவிக்கு என்று எடுக்காமல் நேரடியாக வீடியோவாகவே வெளியிட்டார்கள். தயாரிப்பு சன்ரைஸ் ஸ்டூடியோ. நான் வாங்கியது அமெரிக்கப் பதிப்பு ப்ளூரே. குறைகள் உண்டு, சிலது பெரிய குறைதான், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஆனால் போட்ட காசு முதல் பாதியிலேயே வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது நீடாமங்கலம் பக்கம். மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து மிஷின்கள் எல்லாம் கொட்டகைக்குத் திரும்பிவிட்ட நேரம், அதனால் அக்கா வீட்டுக்கார மச்சானும் வேலையில்லாமல் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு பெல்ட் அறுவடை மிஷின் இருக்கிறது, அவரேதான் ஓட்டுவார். கூடவே அக்கா, பத்தாவது படிக்கிற அவர்கள் பையன், அப்புறம் அம்மா. பையன் க்ரஞ்சிரோல் என்ற அனிமே தளத்தில் தமிழ் டப்பிங்கில் 'சோலோ லெவலிங்' பார்த்து வளர்ந்த ஜாதி, பழைய அனிமே என்றாலே மூஞ்சியைச் சுளிப்பான். மச்சான் வாழ்க்கையில் அனிமே பார்த்ததே இல்லை. இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு பார்த்ததால்தான் இந்த விமர்சனத்தையே எழுதத் தோன்றியது, தனியாகப் பார்த்திருந்தால் பாதி விஷயம் என் கண்ணில் பட்டிருக்காது.

முன்கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முதல் கன்டம் தொடர் 1979-இல் வந்தது, யோஷியுகி டோமினோ இயக்கியது, 43 அத்தியாயம். விண்வெளியில் குடியேறியவர்களில் ஜியோன் என்ற ஒரு கூட்டம் பூமிக் கூட்டமைப்பை எதிர்த்துப் போர் தொடுக்கிறது, அந்த ஒரு வருடப் போர்தான் கதை. எட்டாவது டீமும் அதே போரில் நடப்பதுதான், ஆனால் அங்கே இருந்த மாவீரர்கள் ஒருவரும் இங்கே இல்லை. தென்கிழக்காசியக் காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்ட ஒரு சின்ன சிப்பாய்க் கூட்டம், அதற்குப் புதிதாக வந்து சேரும் இளந்தாரித் தலைவன் ஷிரோ அமாடா, எதிர்ப்பக்கத்தில் ஐனா என்ற பெண். பழைய தொடரைப் பார்க்காமலே இதைப் பார்க்கலாம், எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை, ஒருவரும் தடுமாறவில்லை.

முதல் அத்தியாயம் விண்வெளியில் நடக்கிறது. உடைந்த கப்பலுக்குள் ஷிரோவும் ஐனாவும் மாட்டிக்கொண்டு, எதிரிகளாக இருந்தும் உயிர் பிழைக்க ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதாகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மச்சான் கொட்டாவி விட்டார். இரண்டாவது அத்தியாயத்தில் காட்டுக்குள் இறங்கியதும்தான் நிமிர்ந்தார். எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி: "ஏன் மாப்ள, அவ்வளவு வெயிட்டுக்கு ரெண்டே காலா? பாதம் எம்புட்டு இருக்குன்னு பாரு. நம்ம வயல்ல வச்சா இடுப்பு மட்டும் எறங்கிடும்."

சரியான கேள்வி. கன்டம் ஒன்று சுமார் 18 மீட்டர் உயரம், தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தை 216 அடி என்று வைத்துக்கொண்டால் மூன்றரை கன்டத்தை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தினால் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். எடை 50 டன்னுக்கு மேல். மச்சானின் மிஷின் மூன்று டன் சொச்சம்தான், அதற்கே ரப்பர் பெல்ட் போட்டு எடையைப் பரப்பிவிட்டால்தான் ஈர வயலில் ஓடும், டயர் மிஷினை அந்த வயலில் இறக்கினால் இழுத்து வெளியே போட இன்னொரு டிராக்டர் வர வேண்டும். அப்படியிருக்க 50 டன்னை இரண்டு பாதத்தில் நிறுத்துவது எந்தக் கணக்கிலும் வராது. இதற்குத் தொடர் பதில் சொல்கிறதா என்றால், சொல்லவில்லை. ஆனால் எடை இருக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. கால் வைக்கும்போது மரம் முறிகிறது, மண் நசுங்குகிறது, நடை மந்தமாக இருக்கிறது, ஓடி வந்து நிற்கும்போது உடனே நிற்க முடியாமல் உடம்பு முன்னால் சாய்ந்து பிறகுதான் நிமிர்கிறது. வானத்தில் கோடு கோடாகப் பறக்கிற ரோபோக்களையே பார்த்துப் பழகிய எனக்கு இதுதான் முதலில் பிடித்தது.

அடுத்து அந்தப் பீரங்கிக் காட்சி. 180 மில்லிமீட்டர் பீரங்கியை முழுசாகக் கையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் அலைய முடியாது என்பதால் பகுதி பகுதியாகப் பிரித்து முதுகில் ஒரு பெட்டியில் சுமந்து போகிறார்கள். இடம் வந்ததும் இயந்திரம் மண்டியிடுகிறது, குழலை எடுத்துப் பொருத்துகிறது, குண்டுப் பெட்டியைச் செருகுகிறது, கேடயத்தின் அடிமுனையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு அதன்மேல் குழலைத் தாங்கலாக வைத்துத்தான் சுடுகிறது. சுட்டதும் உடம்பு மொத்தமும் உதறுகிறது. இந்த இடத்தில் டிஸ்க்கை நிறுத்தச் சொல்லி மறுபடியும் போடச் சொன்னவர் மச்சான்தான். "டூல்ஸ் பெட்டிய முதுகுலேயே கட்டிக்கிட்டுப் போறான் பாரு, இவன் தொழில் தெரிஞ்சவன்" என்றார். அனிமே விமர்சனங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், இந்தக் காட்சியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

இந்த டீமோடு ஹோவர் டிரக் ஒன்று எப்போதும் கூடவே வரும். அதில் இருப்பவன் எலடோர், பாட்டுக்காரனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், போரில் அவன் வேலை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நிலத்துக்குள் இறக்கிய சென்ஸார் வழியாக எதிரியின் காலடிச் சத்தத்தைக் கேட்பது. எத்தனை பேர், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் நகர்வார்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கிற அந்த நேரம், வீட்டில் எங்கள் கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. அம்மா மட்டும் மெதுவாக, "அந்தப் புள்ள என்னடா கேக்குது?" என்றார். இந்த டிரக்கில் இருக்கிற மிஷெல் என்ற பையன் ஊரில் இருக்கும் காதலிக்கு ஓயாமல் கடிதம் எழுதுவான், அவனை அக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, கடைசிவரை "அந்த லெட்டர் பையன்" என்றுதான் சொன்னாள்.

உடைந்தால் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கணக்கில் இந்தத் தொடரின் உயிர். கேரன் என்ற பெண் வீராங்கனையின் கன்டத்துக்குத் தலை போய்விடுகிறது, மாற்றுத் தலை கிடையாது, அதனால் ஜிம் என்கிற மலிவான மாடலின் தலையைத் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். அதோடு அவள் அடுத்த சண்டைக்கும் போகிறாள், கடைசிவரை அந்தத் தலைதான். ஷிரோவின் வண்டியும் நன்றாக அடிபட்டு, கையில் கிடைத்த உதிரிகளை வைத்து மறுபடி கட்டப்பட்டு இஇசட் எட்டு என்ற புதுப் பெயரோடு திரும்பி வருகிறது. சொல்லப்போனால் இந்தத் தரைப்படை கன்டங்களே முதல் கன்டம் செய்ததில் மிச்சம் விழுந்த பாகங்களைக் கொண்டு உண்டாக்கியவைதான். மச்சான் இந்தத் தலை விஷயத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். சீசன் நடுவில் ஸ்பேர் வரவில்லை என்றால் மன்னார்குடி லேத்தில் எதையாவது கடைந்து மாட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் வழக்கம், ஒரு நாள் மிஷின் நின்றால் மணிக்கணக்கு வாடகை போச்சு, நெல்லும் சாய்ந்துவிடும். அதனால் தலை மாறிய கன்டத்தைப் பார்த்து அவருக்கு அதிசயமாகவே இல்லை. "நான் பண்ணுனதுதானே" என்றார்.

சாண்டர்ஸ் என்று ஒருவர் வருகிறார், பெரிய உடம்பு, நல்ல மனுஷன், ஆனால் அவர் சேர்ந்த படைப்பிரிவெல்லாம் மூன்றாவது சண்டையில் அழிந்துபோகும் என்று ஒரு பேச்சு, எல்லாரும் அவரை எமன் என்றே கூப்பிடுகிறார்கள். ஆங்கில வசன எழுத்தைப் படித்து இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: ராசியில்லாதவன் என்று ஊரே பட்டம் கட்டிவிட்டது, அவ்வளவுதானே. அப்புறம் அவர் திரையில் வரும்போதெல்லாம் அம்மாவுக்குக் கவலை. இந்தப் புதுத் தலைவன் அந்தப் பேச்சை எப்படி உடைக்கிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு நிம்மதி வந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கிராமம் ஒன்றும் உண்டு. கிகி என்ற பெண், அவள் ஊர் ஆட்கள், கையில் துப்பாக்கி வைத்திருக்கிற உள்ளூர்ப் போராளிகள். எட்டாவது அத்தியாயத்தில் ஜியோன் படையிலிருந்து சிதறிய சில பேர் தங்கள் இயந்திரத்தோடு அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். ஊரார் விரட்டவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. யாரும் வில்லன் இல்லை, ஆனாலும் அது எங்கே போய் முடியும் என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டில் டீ ஆறிப்போனது இந்த ஒரு அத்தியாயத்துக்குத்தான். என்னிடம் கேட்டால் முழு செட்டிலும் எழுத்தில் சிறந்தது இதுதான், பத்தாவது அல்ல.

பத்தாவதைப் பற்றி எழுதாமல் விட்டால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள், சரி. நோரிஸ் பாக்கர்ட் என்ற வயதான ஜியோன் வீரர் கூஃப் கஸ்டம் என்ற நீல இயந்திரத்தோடு தனி ஆளாக வருகிறார். இடிந்துபோன நகரம், ஷிரோ டீம் காவல் காக்க வேண்டிய மூன்று பீரங்கி வண்டிகள், அவற்றை உடைப்பது மட்டும்தான் அவர் குறி. கட்டடத்துக்குக் கட்டடம் கம்பியை வீசித் தாவுகிறார், கேடயத்தில் பொருத்திய பல குழல் துப்பாக்கியால் சீண்டுகிறார், எதிரியை அடிக்க நல்ல வாய்ப்புக் கிடைத்தும் அடிக்காமல் தன் வேலையைப் பார்க்கப் போகிறார். அதுவரை "ஸ்லோவா இருக்கு மாமா" என்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்த பையன் போனைக் கீழே வைத்தான். சண்டை முடிகிற விதத்தில் வென்றது யார், தோற்றது யார் என்று அப்பனும் மகனும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் வாக்குவாதம். கையால் செல்லுலாய்ட் தாளில் வரைந்த காலத்து வேலை, ஒவ்வொரு இடிபாடும் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்தது, ப்ளூரேயில் பார்த்தால் செங்கல் தூள் வரை தெரிகிறது.

இனி குறை. தொடர் எப்போதெல்லாம் சேற்றை விட்டு மேலே ஏறுகிறதோ அப்போதெல்லாம் சறுக்குகிறது. ஐனாவின் அண்ணன் கினியாஸ், அவன் கட்டுகிற அப்சலஸ் என்ற பிரம்மாண்ட ஆயுதம், மலையையே ஊதித்தள்ளும் கதிர், இதெல்லாம் வந்ததும் நான் பார்த்துக்கொண்டிருந்த மண்டியிட்டுப் பீரங்கி மாட்டுகிற கதை எங்கே போனது என்று தேட வேண்டியதாகிவிட்டது. கினியாஸ் பைத்தியம் முற்றுவதைக் காட்டுகிற விதம் ரொம்ப மிகை, அக்காவே "இவன் சீரியல் வில்லன்டா" என்றாள், அவள் அதில் நிபுணி.

காதலும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை சந்தித்தவர்கள், மறுபடி பனிமலையில் மாட்டிக்கொள்கிறார்கள், ஆயுதத்தின் சூட்டில் பனியை உருக்கி வெந்நீர் போட்டுக் குளிக்கிறார்கள். அந்த இடம் அழகுதான், அக்காவும் அம்மாவும் ரசித்தார்கள். ஆனால் அதை வைத்து ஒரு படைத்தலைவன் சண்டை நடுவே, ஆட்கள் உயிரைப் பணயம் வைத்து நிற்கும்போது, ஐனாவோடுதான் வாழ்வேன் என்று கத்துவதை ஏற்க முடியவில்லை. மச்சான், "கூட நிக்கிறவன் கதி என்ன மாப்ள?" என்றார். அதே கேள்வியைத்தான் கேரனும் முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், தொடர் அவளைப் பேச விடவில்லை. அக்கா இதில் எங்கள் இரண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. போரை விட்டுவிட்டு ஒரு பெண்ணோடு போகிறேன் என்று சொல்கிறவன்தான் அந்தக் கூட்டத்திலேயே புத்தியுள்ளவன் என்பது அவள் கட்சி. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் காட்சி அந்த நியாயத்தைச் சம்பாதிக்கவில்லை.

இந்தத் தையல் ஏன் தெரிகிறது என்பதற்கு ஒரு காரணம் தயாரிப்பிலேயே இருக்கலாம். தொடங்கிய இயக்குநர் தகேயுகி காண்டா 1996-இல் விபத்தில் இறந்துபோனார், அதன்பின் உமனோசுகே ஈதா எடுத்து முடித்தார். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு முழுக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை, ஆனால் வேறு கை பட்டிருப்பது பார்க்கும்போதே தோன்றுகிறது. 12-ஆவது அத்தியாயம் போர் முடிந்த பிறகு நடக்கும் பின்கதை. அதைக் கொஞ்சம் ஆறப்போட்டு, வேறொரு நாள் பாருங்கள், உடனே பார்த்தால் சப்பென்று இருக்கும்.

பாத்திர வடிவமைப்பு தோஷிஹிரோ கவமோட்டோ, பின்னாளில் 'கவ்பாய் பெபாப்' ஆட்களை வடிவமைத்தவர், முகங்களைப் பார்த்தாலே தெரியும். இசை கோஹெய் தனாகா, தொடக்கப் பாட்டு சிஹிரோ யொனெகுரா பாடியது. பழசு என்று முணுமுணுத்த பையன் இரண்டு வாரமாகப் பல் விளக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முனகுகிறான்.

டிஸ்க் தரத்துக்கு வருகிறேன். படம் 4:3, அந்தக் காலத்து டிவி அளவு, அதனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வர வேண்டும். மச்சான் "ஸ்கிரீன் முழுசா வரலையே" என்று ரிமோட்டை எடுத்து ஸூம் போட்டார், உடனே கன்டத்தின் தலை மேலே வெட்டுப்பட்டது, கீழே வசன எழுத்தும் பாதி காணாமல் போனது. டிவி அமைப்பில் ஒரிஜினல் அளவிலேயே விடுங்கள். ஃபிலிமின் நுண்துகள் அப்படியே இருக்கிறது, துடைத்து மெழுகுப் பொம்மையாக்கவில்லை, அதற்கே ஒரு கும்பிடு. இருட்டுக் காட்சிகளில் காட்டின் பச்சைக்குள் பச்சை தனித்தனியாகத் தெரிகிறது, பழைய டிவிடி ரிப்பில் இதே காட்சிகளை நான் கறுப்புக் குட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மொழி: ஜப்பானிய ஒலியும் ஆங்கில டப்பிங்கும் இருக்கிறது, வசன எழுத்து ஆங்கிலத்தில். தமிழ் கிடையாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஜப்பானிய ஒலியை வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது, பையனுக்குத்தான் எரிச்சல். ஆங்கில டப்பிங் மோசமில்லை, ஆனால் ஷிரோவின் குரல் எனக்கு ஒட்டவில்லை.

வாங்குவதற்கு முன் இதைக் கவனியுங்கள். டிஸ்க்குகளை நாட்டுவாரியாக மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள். ப்ளூரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். டிவிடி என்றால் அமெரிக்கா 1, ஜப்பான் 2, நாம் 5. இங்கே கடையில் வாங்கிய சாதாரண பிளேயரில் ஏ மண்டல டிஸ்க்கைப் போட்டால் திரையில் மறுப்புச் செய்திதான் வரும். சில டிஸ்க்கில் பூட்டே இருக்காது, ஆனால் அதை நம்பிக் காசைப் போடாதீர்கள். என்னிடம் எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இருப்பதால் தப்பித்தேன். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் வைத்திருப்பவர்கள் மண்டலம் மாற்ற 5 தடவைதான் வாய்ப்பு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

இறக்குமதி செய்து விற்கிற ஆளிடம் வாங்கினேன், பெயர் வேண்டாம். சுங்கம், தபால் எல்லாம் சேர்ந்து செட்டின் விலையையே தாண்டிவிட்டது, அது அவர் குற்றம் இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது, உள்ளே குமிழித் தாள் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கேட்டால் "டிஸ்க் ஓடுதுல்ல சார்" என்றார். ஓடுகிறதுதான். சேகரிக்கிறவனுக்கு மூலையும் முக்கியம் என்பதை யார் அவருக்குச் சொல்வது.

இவ்வளவு செலவா என்று யோசிப்பவர்கள், கன்டம் நிறுவனத்தாரே தங்கள் யூடியூப் பக்கத்தில் பழைய தொடர்களை அவ்வப்போது இலவசமாக ஏற்றிவிட்டுக் கொஞ்ச நாளில் எடுத்துவிடுவார்கள், அதைக் கவனித்துக்கொண்டிருங்கள். கிடைத்தால் இரண்டாவது அத்தியாயத்தை மட்டும் முதலில் பாருங்கள். அது பிடிக்கவில்லை என்றால் செட் உங்களுக்கு இல்லை. பிடித்தால் எட்டு, பத்து இரண்டும் தானாக இழுத்துக்கொண்டு போகும், இடையில் வருகிற காதலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்று: நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிக்கும், மூடிய டப்பாவில் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், மரப் பீரோவில் வைக்காதீர்கள். என்னிடம் இரவல் கேட்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், டிஸ்க் வீட்டை விட்டு வெளியே போகாது. வந்து பார்த்துவிட்டுப் போங்கள். குறுவைக்குத் தண்ணீர் வந்து மிஷினைத் தயார்பண்ண ஆரம்பிப்பதற்குள் வந்தால் மச்சானும் இருப்பார், அவர் கூட இருந்தால் படம் இன்னும் நன்றாக இருக்கும்.